மலை தாண்டியாச்சு

பாட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போகும் படம் எதைப் போட்டாலும் வெண்ணிலா வீட்டில் சண்டை வரும். சண்டை படத்தோடுதான். மகள் கண்மணி போனில் தேடித் தேடி அப்படிப்பட்ட படங்களையும் தொடர்களையும் டிவியில் போட்டுக்கொண்டே இருப்பாள். முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் பெரிய பஸ்ஸில் கிடார் வாசித்தபடி பாலைவனத்தைக் கடப்பார்கள். இந்திக்காரர்கள் கடற்கரையோரம் ஜீப்பில் கத்திக்கொண்டே போவார்கள். வண்டியில் ஏறுவார்கள், கதவு சாத்தும் சத்தம் கேட்கும், அடுத்த நொடி மேடையில் வெளிச்சம்.

"ஏறுனான், இறங்கிட்டான். நடுவுல இன்னா ஆச்சு?" என்பாள் வெண்ணிலா. "எட்டு மணி நேரம் உள்ள கெடந்தானுங்களே, ஒருத்தனாவது ஒண்ணுக்குப் போனானா? ஒரு பொம்பளையாவது வண்டிய நிறுத்துன்னு சொன்னாளா?"

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் ராஜேந்திரன் டிவி இருக்கும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். "டிரைவர் மூஞ்சியக் காட்டுனானா, கண்ணு?"

"இல்லப்பா. முதுகுதான்."

"அதான பார்த்தேன்."

அவர் பார்ப்பதெல்லாம் இப்போது மங்கல்தான். சர்க்கரை அவர் கண்ணைப் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டது. டிவி அவருக்கு ஒரு நீல வெளிச்சம், அதற்குள் சில சத்தங்கள்.

இப்படிக் குறை சொல்ல அந்த இரண்டு பேருக்கும் உரிமை இருந்தது. வெண்ணிலாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. விடியற்காலை ரயிலை சாம்பியன் ஸ்டேஷனில் பிடித்து, பெங்களூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறாள். ரயிலில் கூட வருகிற பெண்களுக்கு அவள் ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா. அவ்வளவுதான் தெரியும். பன்னிரண்டு வருஷம் அவள் பொன்னொளி மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவள் என்பது அவர்கள் ஊரான ஆண்டர்சன்பேட்டையில் பழைய ஆட்கள் சிலருக்குத்தான் ஞாபகம் இருந்தது.

அவள் அப்பா காத்தவராயன் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். புத்த பூர்ணிமா ஊர்வலம் என்றால் ஷிப்டு முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பேண்டு செட்டில் டிரம் அடிப்பார். அவர் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கிச் சுரங்கத்தின் ஆழத்தில் இருக்கும் நேரங்களில் வீட்டில் அந்த டிரம்மை வெண்ணிலா அடித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வயதில் பொன்னொளிக் குழுவில் ஆள் இல்லாத ஒரு நாள் போய் உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. போஸ்டரில் அவள் பெயரைப் பாடகர்கள் பெயருக்கு மேலே போட்டார்கள். பெண் டிரம்ஸ் வாசிப்பதைப் பார்க்கவே ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் பத்ராவதியிலும் கூட்டம் கூடியது.

ஏழு பேர், ஒரு வேன். அந்த வேனை ஓட்டியவர் ராஜேந்திரன். ஐந்து வருஷம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், ஆறாவது வருஷம் கல்யாணம் நடந்தது.

வெண்ணிலாவுக்கு ஒரு தொல்லை. வண்டி வளைந்தால் வாந்தி வரும். அதனால் கிளம்பும்போதே மாத்திரை போட்டுக்கொள்வாள். கடைசி சீட்டில், பேஸ் டிரம்முக்கும் கீபோர்டு பெட்டிக்கும் நடுவில் உடம்பைச் செருகிக்கொண்டால் பத்து நிமிஷத்தில் தூக்கம். மாத்திரைத் தூக்கம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் போன்றது. மேலே வெளிச்சம் போவது தெரியும், யாரோ சிரிப்பது கேட்கும், எதுவும் வந்து தொடாது. எங்கேயோ ஒரு கடையில் வண்டி நிற்கும், பாடகி டெய்சி தோளைத் தட்டுவாள், இருவரும் இறங்கிப் போய் ஒருத்தி புடவையை மறைப்பாகப் பிடிக்க ஒருத்தி உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மறுபடி தண்ணீருக்கு அடியில். கண்ணைத் திறந்தால் மேடை. பன்னிரண்டு வருஷம் மூன்று மாநிலத்தைச் சுற்றியவள், வழியில் ஒரு மரத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

சுரங்கம் மூடியபின் ஊரில் கச்சேரி குறைந்தது. இரண்டு வருஷத்தில் குழு கலைந்து, வேனும் கை மாறியது. ராஜேந்திரன் லாரி ஓட்டினார், கம்பெனி கார் ஓட்டினார், ஒரு நாள் எதிரே வரும் விளக்கு நான்காகத் தெரிகிறது என்று வந்து சாவியைக் கொடுத்துவிட்டார். வெண்ணிலா ரயிலேறத் தொடங்கினாள்.

போன வருஷம் தை மாதத்தில் ஸ்வாதி என்ற பெண் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். பெங்களூர்க்காரி, முப்பது வயதிருக்கும், பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பென்சில். ஊர் ஊராகப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவைப் பற்றித் தொடர் எடுக்கிறாள், அதில் டிரம்ஸ் வாசிப்பது ஒரு பெண். ஆண்டர்சன்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் நாராயணசாமியிடம் விசாரித்திருக்கிறாள். அவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

"அக்கா, நான் எழுதினதைப் படிக்கிறேன். தப்பு இருந்தா சொல்லுங்க, சாக்கு," என்றாள் ஸ்வாதி. சாக்கு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம்.

அவள் படித்தாள். வண்டியில் ஏறினார்கள், மேடையில் இறங்கினார்கள்.

வெண்ணிலா எழுந்து உள்ளே போய் டீ போட்டாள். டீயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "நடுவுல இன்னா ஆச்சு, மேடம்?" என்று ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் வரை ஸ்வாதி எழுதிக்கொண்டே இருந்தாள். புடவை பிடித்த கதையை எழுதும்போது பென்சில் முனை உடைந்து, கண்மணி சீவிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது ராஜேந்திரன் கட்டிலிலிருந்து கேட்டார். "டிரைவரு யாரு, மேடம்?"

"டிரைவரா? அவருக்கு டயலாக் இல்லைங்க. பின்னாடியிருந்துதான் காட்டுவோம்."

"முதுகா?"

ஸ்வாதி நின்றாள். மறுபடி செருப்பைக் கழற்றினாள்.

அப்படித்தான் ஆகாஷ் அந்த வீட்டுக்கு வந்தான். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவன், இருபத்தெட்டு வயது, டிரைவர் வேஷத்துக்கு ஒப்பந்தமானவன். முதுகுக்காக எடுத்த பையனுக்கு இப்போது முகம் வேண்டியிருந்தது. மூன்று நாள் வந்து ராஜேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெண்ணிலா வேலைக்குப் போயிருந்த நேரம். அவர் என்ன சொன்னார், அவன் என்ன கேட்டான் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் மட்டும் சீக்கிரம் வந்தபோது வாசலில் நின்று கொஞ்சம் கேட்டாள்.

"பின்னால ஏழு பேரும் முழிச்சிருந்தா வண்டி லேசா இருக்கும், தம்பி. ஒவ்வொருத்தரா தூங்கத் தூங்கக் கனமாயிகினே வரும். கடைசி ஆளும் தூங்கிட்டான்னா ஸ்டீயரிங்லயே தெரியும். திரும்பிப் பார்க்க வேணாம்."

"நெஜமாவா, அங்கிள்?"

"ஓட்டிப் பாரு."

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. வெண்ணிலாவை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளுக்குப் பக்கத்து வெட்டவெளியில், வெளுத்த மண் காற்றில் பறந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு வேன் நின்றது. அதன் ஒரு பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்திருந்தார்கள். மழையில் சுவர் விழுந்த வீட்டைப் போல உள்ளே இருந்த சீட்டெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. அதன் மேல் மூங்கில் கட்டி, கறுப்புத் துணி போர்த்தி, வெயிலை அடைத்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே ராத்திரி ஆயிற்று.

குழுவில் ஒரு பெண் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஸ்வாதி சுற்றிப் பார்த்துவிட்டு வெண்ணிலாவிடம் வந்தாள்.

"அக்கா, கடைசி சீட்டுல நீங்க உட்காருங்க. தூங்கறது மட்டும்தான். முகம்கூட அவ்வளவா தெரியாது."

"எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா."

"தூங்க வருமில்ல?"

பழைய கீபோர்டு பெட்டி ஒன்று, பேஸ் டிரம் ஒன்று. நடுவில் இடம். வெண்ணிலா அதில் உட்கார்ந்தபோது முதுகு தானாக வளைந்து, முழங்கை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னால் ஆகாஷ் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். வெளியே நாலு பேர் நீளப் பலகையை வேனுக்கு அடியில் கொடுத்து மெல்ல ஆட்டினார்கள். ஒருவன் டியூப் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓரமாக நடந்தான். அவன் நடக்க நடக்க ஒவ்வொரு தெருவிளக்காக அவள் முகத்தின் மேல் வந்து போயிற்று. இன்னொருவன் இரண்டு விளக்கை ஒரு கட்டையில் கட்டி எதிரே தூக்கி வந்தான். அது லாரி. ஒரு பெரிய மின்விசிறி சுற்ற, ஜன்னல் திரை படபடத்தது. எங்கும் போகாத அந்த வண்டி போகத் தொடங்கியது.

வாரம் ஆறு நாள் விடியுமுன் எழுகிற உடம்பு. முதலில் பாதம் கரைந்தது, பிறகு கை. மேலே வெளிச்சங்கள் போய்க்கொண்டிருந்தன. டெய்சி எதற்கோ சிரித்தாள். யாரோ ஒரு பாட்டின் நடுவரியை மறந்து மறந்து முணுமுணுத்தார்கள். முன்னால், வெகு தூரத்தில், ஒரு மனிதனின் தோள். அதில் ஈரத்துண்டு. அந்தத் தோளுக்கு அப்பால் ரோடு வந்து வந்து வண்டிக்குள் சுருட்டிக்கொண்டது. அவளுக்கு இருபத்தாறு வயது. நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பலகை ஒரு பக்கம் தூக்கியது. வண்டி வளைந்தது. வெண்ணிலா பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னாங்க," என்றாள். "எங்க கீறோம்?"

முன் சீட்டிலிருந்து, திரும்பாமல், தாழ்ந்த குரலில் பதில் வந்தது. "மலை தாண்டியாச்சு, நிலா. தூங்கு."

"ம்," என்று தூங்கிவிட்டாள்.

அவள் எழுந்தபோது வண்டி நின்றிருந்தது, கறுப்புத் துணியை விலக்கியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் இல்லை. அங்கே நாற்பது பேர் வெயிலில் நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ஆச்சு? குறட்டை உட்டேனா?"

ஸ்வாதி அவளைக் கேமராவில் எடுத்ததைப் பார்க்கும் திரைக்கு முன்னால் கூட்டிப் போய்க் காட்டினாள். வெண்ணிலா தன் வாய் அசைவதைப் பார்த்தாள், தன் குரலைக் கேட்டாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது.

"அந்தப் பேச்ச எடுத்துடும்மா."

"ஏன்க்கா? இந்தத் தொடர்லயே இதுதான் நிஜம்."

"அதனாலதான் சொல்றேன். அது எங்க ஊட்டுக்காரரக் கேட்டது. ஒங்க பையன இல்ல."

ஸ்வாதி திரையை அணைத்தாள். "வேண்டாம்னா எடுத்துடறேன். உங்களுது. ஆனா இன்னிக்கு வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி எடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எதுவும் கேட்க மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க ரயிலில் வெண்ணிலா போனைக் கையில் வைத்துக்கொண்டு போனாள். பங்காருபேட்டை வரை வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றும். அதைத் தாண்டினால் அந்தச் சில நிமிஷங்கள் திரும்ப வரும், தோள், துண்டு, சுருளும் ரோடு. எடுத்துவிட்டால் அது இல்லாமலே போய்விடும். வாரம் முடிந்தது. அவள் போன் செய்யவில்லை. ராஜேந்திரனிடமும் எதுவும் சொல்லவில்லை. வேறு ஒரு ஆளைப் பார்த்து, தூக்கத்திலேயானாலும், அப்படிக் கூப்பிட்டதை எப்படிச் சொல்வது? ஆகாஷ் எப்படி நடித்தான் என்று அவர் இரண்டு முறை கேட்டபோதும், நல்ல பையன் என்று மட்டும் சொன்னாள். அவன் வாயிலிருந்து நிலா என்ற பேர் வந்ததுதான் அவளை அதிகம் உறுத்தியது. அப்படி அவளைக் கூப்பிடுபவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஐப்பசியில் தொடர் வந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார்கள். வெளியே தூறல். இரண்டாம் பாகத்தில் இரண்டு பெண்கள் ரோட்டோரம் புடவை பிடித்தார்கள், கண்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். டிரைவர் வந்தபோது ராஜேந்திரன் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள், "மூஞ்சிப்பா. டிவி முழுக்க மூஞ்சிதான்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெண்ணிலா தான் பேசிய இடத்துக்காகக் காத்திருந்தாள். மூன்றாம் பாகத்தில் அது வரவில்லை. ஸ்வாதி எடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது நிம்மதி வரவில்லை, வேறு எதுவோ வந்தது.

நாலாம் பாகத்தில் வந்தது.

"இன்னாங்க. எங்க கீறோம்?"

கண்மணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ராஜேந்திரன் கட்டிலில் நிமிர்ந்தார். டிவியில் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"அத்த இன்னொரு தடவ போடு, கண்ணு."

போட்டாள். மறுபடி ஒரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை முடிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"தூங்கிட்டேங்க," என்றாள் வெண்ணிலா. "நெஜமாவே தூங்கிட்டேன். நீங்கன்னு நெனச்சு…"

"வேற யாருன்னு நெனப்ப?"

"கோவமா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, சத்தம் வராமல் சிரிக்கும் அவர் சிரிப்பு. "அவனுக்கு அந்தப் பதில யாரு சொல்லிக் குடுத்தது? நான்தான். டிரைவருக்கு இன்னா பேச்சு கீதுன்னு கேட்டான். எனக்கு ஒரே பேச்சுதான் தம்பி, என் பொண்டாட்டி நடுவுல முழிச்சுகினு எங்க கீறோம்னு கேப்பா, மலை தாண்டியாச்சு நிலா தூங்குன்னு சொல்லுவேன்னேன். பையன் அப்படியே புடிச்சுகினான்."

வெண்ணிலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் இருந்தது எங்கோ இறங்கியது.

"ஆனா அது பொய்யி," என்றார் அவர்.

"எது?"

"மலை. பேரணாம்பட்டு மலையில மூணாவது வளைவுல கியர் மாத்துவேன். அந்தச் சத்தத்துக்கு நீ முழிச்சுக்குவ. இன்னும் பாதி மலை மிச்சம் கீது. இருக்குதுன்னு சொன்னா வாந்தி எடுப்ப. தாண்டியாச்சுன்னு சொன்னா நம்பித் தூங்கிடுவ."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஏறினாலும் இறங்கினாலும். பன்னெண்டு வருஷம்."

கண்மணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "எப்படிங்க இருக்கும் அந்த மலை?" என்று கேட்டாள்.

ராஜேந்திரன் யோசித்தார். "நல்லா இருக்கும். திரும்பி வரும்போது விடிஞ்சிடும் பாரு, கீழ பேரணாம்பட்டே தெரியாது. ஒரே பனி. பாலு பொங்கி நின்ன மாதிரி. ரெண்டு மூணு தடவ உன்ன எழுப்பலாமான்னு பார்த்தேன்."

"எழுப்பியிருக்கலாம்."

"ராத்திரி பூரா வாசிச்சவ. தூங்கட்டும்னு உட்டுட்டேன்."

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். கண்மணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டாள் வெண்ணிலா. வீ.கோட்டாவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். சந்தை வாசலில் தக்காளிப் பெட்டிகளைத் தாண்டி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். மாத்திரை போடவில்லை. கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

மலை தொடங்கியதை முதலில் சொன்னவர் அவர்தான். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை லேசாக இறுக்கினார். "இப்ப லெப்ட்ல வளையும்," என்றார். வளைந்தது. இரண்டாவது வளைவில் வெண்ணிலா வாந்தி எடுத்தாள். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் துழாவி எடுத்துத் திறந்து நீட்டினார்.

"முடியலன்னா கண்ண மூடிக்க."

"மூட மாட்டேன்," என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பனி விலகிக்கொண்டிருந்தது. முழுதாக இல்லை. பள்ளத்தில் அங்கங்கே தேங்கி, மரங்களின் உச்சி மட்டும் வெளியே நின்றது. மறுபக்கச் சரிவில் வெயில் விழுந்து பாறையெல்லாம் பழுப்பாக இருந்தது. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குரங்கு தடுப்புச் சுவர் மேல் நடந்தது. எதிரே ஏறி வந்த லாரிக்கு வழி விட்டு பஸ் ஓரம் கட்டியபோது, அவளுக்கு நேர் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் வெளி. அதில் ஒரு பறவை, அவளைவிடத் தாழ்வாக, இறக்கையை அசைக்காமல் போயிற்று. பறவையின் முதுகை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னாள்.

"ரைட்ல ஒரு பாறை கீதா? யானை படுத்த மாதிரி?"

தேடினாள். "இல்லீங்க. அந்த எடத்துல டவர் வச்சுட்டாங்க."

அவர் கம்பியைப் பிடித்த கையை மாற்றினார். பிறகு, "சரி, டவர் எப்படி கீது?" என்றார்.

"செவப்பும் வெள்ளையுமா. உச்சியில காக்கா கூடு கட்டிகீது."

"அப்படியா," என்று அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். தோல் பதனிடும் வாசனை காற்றில் வந்தது. டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவது என்றுதான் பேசி வந்திருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு அவள் நேரம் விசாரிக்கப் போனாள். திரும்பி வந்து அவர் கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

"ஆம்பூருக்குப் பத்து நிமிஷத்துல பஸ் கீதாம்," என்றாள். "அங்கயும் நான் ஒண்ணும் பார்த்ததில்ல."

அவர் டீயைச் சீக்கிரம் ஊதிக் குடிக்கத் தொடங்கினார்.